முதல் வேலைக்குப் புறப்பட்ட லலிதா



ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் இலட்சியம்' எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் நான்கைந்து பேராவது 'நான் ஒரு பொறியியலாளர் ஆவேன்' என்று எழுதியிருப்பார்கள். மகிழ்ச்சிதான்! ஆனால், அக்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகின்றன. பல்கலைக்கழகம், பட்டமளிப்பு அங்கி, மேடை, பெற்றோரின் ஆனந்தக் கண்ணீர்... அத்தோடு முற்றுப்புள்ளி. பட்டம் வாங்கிய மறுநாள் என்ன நடக்கும், முதல் வேலை எங்கே கிடைக்கும், அங்கே யாரோடு தங்குவது, சம்பளமும் குடும்பமும் எப்படி ஒத்துப்போகும் என்பனவெல்லாம் அதில் இரா. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாம் அவர்களுக்குச் சொல்லும் வெற்றிக் கதைகளும் அப்படித்தானே முடிகின்றன?

ஆகவேதான், முதல் வேலைக்குப் புறப்பட்ட ஓர் இளம் பொறியியலாளரின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன். அவர் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர் என்று போற்றப்படுபவர். தெலுங்குக் குடும்பத்தைச் சார்ந்தவர். ஆயினும் பிறந்ததும் படித்ததும் சென்னையில்.

பதினெட்டு வயதில் கைம்பெண்

லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஆண்பிள்ளைகள் பொறியியல் படித்தனர். பெண்பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வி. அதன் பின் திருமணம். கற்றறிந்த குடும்பங்களிலும் அன்றைய வழக்கம் அதுவே.

1934ஆம் ஆண்டு, 15 வயதில் லலிதாவுக்குத் திருமணம் நடந்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 1929இல் இயற்றப்பட்ட சட்டமே பெண்ணுக்கு 14 வயதைத்தான் எல்லையாக வைத்திருந்தது. எனவே, சட்டப்படி அதில் குறையொன்றும் இல்லை! திருமணத்திற்குப் பின்னும் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

1937இல் கணவர் இறந்தார். அப்போது லலிதாவுக்கு வயது 18. கையில் நான்கு மாதப் பெண்குழந்தை. அந்தக் காலத்தில் இளங்கைம்பெண்களுக்குச் சமூகம் வகுத்து வைத்திருந்த வாழ்வு எப்படிப்பட்டது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தலைமுடியை மழித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, வீட்டின் பின்கட்டில் ஒடுங்கிக் கிடந்த பாட்டிமார்களைப் பற்றி நம் முன்னோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

லலிதா பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். படிக்க வேண்டும், தம் காலில் நிற்க வேண்டும் என முடிவு செய்தார். தந்தையாரும் துணை நின்றார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல் வகுப்பில் தேறினார்.

மருத்துவமா, பொறியியலா?

அக்காலத்தில் படித்த பெண்களுக்குத் திறந்திருந்த பெரிய கதவு மருத்துவம். சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளாகவே பெண்கள் மருத்துவம் பயிலத் தொடங்கிவிட்டனர். லலிதா அதை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? குடும்பத்தார் சொல்லும் காரணம் மிக எளிமையானது. மருத்துவரை நள்ளிரவிலும் அழைப்பார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டிவரும். பொறியியல் என்றால் காலையில் சென்று மாலையில் திரும்பும் அலுவலாக அமையும், குழந்தையோடும் இருக்கலாம்.

பெற்றோர்களே, இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். முதல் பெண் பொறியியலாளர் அத்துறையைத் தெரிவு செய்தது புகழுக்காக அன்று. குழந்தைக்குத் தாயாகவும் இருக்க வேண்டும், சம்பாதிக்கவும் வேண்டும் என்ற கணக்கே அவரை அங்கே கொண்டு சென்றது.

கிண்டியின் கதவு

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரி, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் ஒரு பெண்கூட அங்குப் படித்ததில்லை. சுப்பா ராவ் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டேத்தமிடமும் விண்ணப்பித்தார். இருவரும் இசைந்தனர். 1940இல் லலிதா மின்னியல் பொறியியல் மாணவியாகச் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்! விடுதியில் தனியே தங்க வேண்டிய நிலை. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் சென்று பார்த்து வருவார். மகளின் தனிமையை உணர்ந்த தந்தையார், பொறியியல் கல்லூரியில் பெண்களும் சேரலாம் என்ற செய்தி வெளியே பரவ முயற்சி எடுத்தார். சில மாதங்களில் லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் பயில வந்து சேர்ந்தனர். ஒருவருக்காகத் திறந்த கதவு மூவருக்கு உதவியது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1943இல் லலிதா படிப்பை முடித்தார். அவரும் அவ்விரு தோழியருமே அக்கல்லூரியின் முதல் பெண் பட்டதாரிகள். அவர்களுக்கான சான்றிதழில் ஒரு சிக்கல்! அச்சடித்து வைத்திருந்த படிவத்தில் ஆண்பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மட்டுமே இருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்பாற்சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சிறு கோட்டை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். இலக்கணப் பாடத்தில் பால் பற்றி நடத்தும்போது இதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன்.

பணிமனையில் ஓராண்டு

பொறியியல் பட்டத்திற்குப் பின் நேரடித் தொழிற்பயிற்சியும் தேவை. லலிதா பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில் பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். 1862இல் நிறுவப்பட்ட பெரும் பணிமனை அது. நீராவி இரயில் இயந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டும் இடம். நிலக்கரிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சம்மட்டி ஓசையும் நிறைந்த சூழலில், சேலை உடுத்திய ஓர் இளம்பெண் தொழில் கற்றார். படம் வரையத் தெரிந்த மாணவர்களிடம் இக்காட்சியை வரையச் சொல்லலாம். நல்ல பாடமாக அமையும்.

ஏன் சிம்லா?

இப்பொழுது நம் தலைப்புக்கு வருவோம். 1944இல் லலிதாவுக்கு முதல் வேலை கிடைத்தது. சிம்லாவில் இயங்கிய மத்தியத் தரநிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் பதவி.

தரநிர்ணயம் என்றால் என்ன? நம் வீட்டு மின்செருகியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம் அல்லவா? மூன்று முனைச் செருகியை எந்தக் கடையில் வாங்கினாலும் சுவரிலுள்ள பொருத்துவாயில் பொருந்துகிறது. ஒரு தொழிற்சாலையில் செய்த திருகாணி வேறொரு தொழிற்சாலையில் செய்த மறையில் ஏறுகிறது. கம்பியின் தடிமன் இவ்வளவு, தாங்கும் மின்னழுத்தம் இவ்வளவு என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே அளந்து, எழுதி, ஒப்புதல் பெற்று வைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத வேலை. ஆனால், அது இல்லையேல் எதுவும் எதனோடும் பொருந்தாது.

சரி, சென்னைப் பெண் இமயமலை அடிவாரத்தையும் தாண்டி, அவ்வளவு தொலைவிலுள்ள சிம்லாவை ஏன் தேர்ந்தெடுத்தார்? சம்பளம் அதிகமென்றா? பதவி பெரிதென்றா? இல்லை. அவருடைய அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. அண்ணன் வீட்டில் குழந்தையோடு தங்கலாம். தாம் அலுவலகம் செல்லும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அவ்வளவுதான் காரணம்.

ஒரு முறை இவ்வரலாற்றை ஆறாம் ஆண்டு வகுப்பில் கூறிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் கையைத் தூக்கி, "டீச்சர், அந்த மாமா வீடு சிம்லாவுல இல்லாம இருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வினா, வரலாற்றின் அடிமடியைத் தொட்டுவிட்டது! "நீயே சொல்லேன்" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "பட்டம் வாங்கியும் வீட்டுலயே இருந்திருப்பாங்க" என்றான்.

அப்படி நடந்திருக்கவும் கூடும். அறிவு லலிதாவுடையது, உழைப்பும் அவருடையது. ஆயினும் அந்த அறிவு வேலையாக மாறுவதற்கு ஒரு முதல்வரின் கையொப்பமும், தந்தையின் பிடிவாதமும், அண்ணன் வீட்டில் ஓர் அறையும், அண்ணியின் அன்பும் தேவைப்பட்டன. 'தன்னந்தனியாகச் சாதித்தார்' என்று மேடையில் முழங்குவது எளிது. உண்மை அதுவன்று. உண்மையைச் சொன்னால்தான் பெண்பிள்ளைகளுக்கு வழி தெரியும். அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்கும் கடமை தெரியும்.

மேசைக்கு வந்த அணைக்கட்டு

சிம்லாவில் 1946 டிசம்பர் வரை லலிதா பணியாற்றினார். இதற்கிடையே இலண்டன் மின்னியல் பொறியியலாளர் கழகத்தின் பட்டதாரித் தேர்வையும் எழுதினார். பின்னர்ச் சில மாதங்கள் தந்தையின் ஆய்வுகளுக்குத் துணை செய்தார். மின்னாற்றலால் இயங்கும் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு போன்றவற்றில் ஈடுபட்டிருந்தவர் சுப்பா ராவ். அது மனத்துக்கு உகந்த வேலைதான். ஆனால், மகளை வளர்க்க நிலையான வருமானம் வேண்டுமே!

1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கிளையில் சேர்ந்தார். இவ்வூரையும் ஏன் தெரிவு செய்தார் என்று உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். ஆம்... மற்றோர் அண்ணன் அங்கே வசித்தார்!

அங்கே அவருடைய பணி மின்கம்பித் தடங்களையும் துணைமின் நிலையங்களின் அமைப்பையும் வடிவமைப்பது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே கட்டப்படும் கம்பி நேர்க்கோடாக நிற்பதில்லை. தன் எடையால் நடுவில் தொய்யும். வெயிலில் நீண்டு இன்னும் தாழும். அதிக வெப்பத்திலும் அது தரையிலிருந்து பாதுகாப்பான உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கேற்பக் கோபுரத்தின் உயரத்தையும் இடைவெளியையும் கணக்கிட வேண்டும். இத்தகைய கணக்குகள் வரைபட மேசையில் நடப்பவை. சட்லெஜ் ஆற்றில் 226 மீட்டர் உயரத்தில் எழுந்து, 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணைக்கட்டின் திட்டத்துக்கான மின்னாக்கிப் பணிகளிலும் அவர் பங்கு உண்டு.

இளங்கைம்பெண்ணாகிய அவர், தனியே கட்டுமானத் தளங்களுக்குச் சென்று தங்குவது அக்காலச் சூழலில் கடினமாக இருந்தது. எனவே, பெரும்பாலும் அலுவலகத்திலிருந்தே வேலை செய்தார். அது ஓர் எல்லைதான், மறைக்க வேண்டியதில்லை. அந்த எல்லைக்குள்ளேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்து 1977இல் ஓய்வு பெற்றார். அதே வேளையில், அவருடன் படித்த திரேசியா வேறு பாதையில் சென்றார். பொதுப்பணித் துறையில் சேர்ந்து, கட்டடங்களும் சாலைகளும் எழும் களத்திலேயே வளர்ந்து, 1971இல் கேரள மாநிலத் தலைமைப் பொறியியலாளர் ஆனார். ஒரே கல்லூரியில் ஒரே காலத்தில் படித்த தோழியர் இருவர். முதல் வேலை வேறு, பாதை வேறு. எது உயர்ந்தது என்று பட்டியலிடுவது நம் வேலையன்று.

1953இல் இலண்டன் மின்னியல் பொறியியலாளர் கழகம் லலிதாவை இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியியலாளர், அறிவியலாளர்களின் முதல் அனைத்துலக மாநாடு நடந்தபோது அழைப்பின் பேரில் சென்று கலந்துகொண்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்திருந்தால் கணவரின் சிதையிலேயே தானும் எரிக்கப்பட்டிருக்கக்கூடும் என்ற கருத்தை அங்கே அவர் வெளியிட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1979 அக்டோபர் 12ஆம் நாள், தம் 60ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு தாயின் தயக்கம்

சில ஆண்டுகளுக்கு முன், தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயார் என்னைச் சந்தித்தார். அவருடைய இளைய மகன் அப்போது என் வகுப்பில் பயின்றான். மூத்த மகள் இரசாயனப் பொறியியலில் பட்டம் பெற்றிருந்தாள். சரவாக், பிந்துலுவில் வேலை கிடைத்திருந்தது. தாயாரின் முகத்தில் மகிழ்ச்சியை விடக் கவலையே மிகுந்திருந்தது.

"அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையே டீச்சர்... பேசாம உங்கள மாதிரி டீச்சர் வேலைக்கே மனுப் போடச் சொல்லலாமான்னு அவங்கப்பா யோசிக்கிறாரு."

ஆசிரியர் தொழிலை நான் உயிராக மதிக்கிறேன். ஆனால், அது யாருக்கும் ஒளிந்துகொள்ளும் இடமாகக் கூடாது. அவரிடம் அறிவுரை ஏதும் கூறாமல், லலிதாவின் கதையை மட்டும் கூறினேன். சிம்லாவில் அண்ணன் வீடு, கல்கத்தாவில் இன்னோர் அண்ணன் வீடு என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா, இடத்தப் பார்த்து வேலை தேடுறது தப்பில்லையா டீச்சர்?" என்றார்.

"இல்லம்மா. வேலையே வேண்டாம்னு சொல்றதுதான் தப்பு" என்றேன்.

அவள் பிந்துலுவுக்குச் செல்லவில்லை. மூன்று மாதம் கழித்துக் கெடா மாநிலம் கூலிம் தொழிற்பேட்டையில் வேறொரு வேலை கிடைத்தது. சின்னம்மா வீடு அங்கிருந்து அரை மணி நேரப் பயணம். அங்கே தங்கி வேலைக்குச் சென்றாள். இரண்டு ஆண்டுகளில் தோழியரோடு தனி வீடு எடுத்துக்கொண்டாள். இப்பொழுது வேலை நிமித்தமாக அடிக்கடி வெளிநாடு சென்று வருகிறாள் என்று தம்பி பெருமையாகச் சொல்வான். முதல் வேலை வாழ்க்கை முழுவதற்குமான வேலை அன்று. அது முதற்படி. அந்தப் படியில் கால் வைக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் போதும். பிறகு அவர்களே ஏறிக்கொள்வார்கள்.

நாம் செய்யக் கூடியவை

ஆசிரிய நண்பர்களே, 'என் இலட்சியம்' கட்டுரைக்கு ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'என் முதல் வேலை நாள்'. எங்கே வேலை, எப்படிச் செல்வாய், எங்கே தங்குவாய், யார் உதவுவார், முதல் நாளன்று உனக்குத் தெரியாதது என்னவாக இருக்கும், அதை யாரிடம் கேட்பாய் என்று வினாக்களைக் கொடுங்கள். என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தபோது, பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் அவர்களுடைய முதல் வேலையைப் பற்றிக் கேட்டு வந்தார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன பாட்டியின் முதல் நாளும், பினாங்குத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்த அம்மாவின் முதல் நாளும் கட்டுரை ஏடுகளில் இடம்பெற்றன. எழுதிய பிள்ளைகளுக்கே அவை புதிய செய்திகள்!

பெற்றோர்களே, உங்கள் மகள் நாளை ஒரு வேலை உத்தரவுக் கடிதத்தோடு வந்து நிற்கும்போது, "அவ்வளவு தூரமா?" என்று கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்வியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். உறவினர் பட்டியலைப் புரட்டுங்கள். யாரும் இல்லையென்றால் ஒரு வாரம் உடன் சென்று தங்கி, நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. எங்கிருந்தோ வரும் யாரோ ஒருவருடைய அண்ணன் மகளோ அக்காள் மகளோ இங்கே முதல் வேலையில் சேரக்கூடும். அன்று கதவைத் தட்டும் அப்பிள்ளைக்கு நம் வீட்டில் ஓர் அறையும் இரவுச் சாப்பாடும் இருக்கட்டும். சிம்லாவில் அந்த அண்ணனும் அண்ணியும் செய்தது அதுதான்.

சிந்திப்போம், செயல்படுவோம்!